மூச்சு விட ஒரு பட்டம்

டிரெஸ்ஸா கோம்ஸ் தன் முப்பத்தாறாவது வயதில் கல்லூரியில் சேரப்போவதாகச் சொன்னதும், மாமனார் எஸ்டில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"மூச்சு விடறதுக்கு எதுக்கும்மா ரெண்டு வருஷப் படிப்பு?"

"நான் விடறதுக்கு இல்ல மாமா. விட முடியாதவங்களை விட வைக்கறதுக்கு."

"எழுபத்தோரு வருஷமா விட்டுக்கிட்டுதான் இருக்கேன். ஒருத்தனும் வந்து எனக்குப் பட்டம் குடுக்கலியே."

அவருடைய மகனும் டிரெஸ்ஸாவின் கணவனுமான கார்லண்ட், வாய் நிறையச் சோளரொட்டியை வைத்துக்கொண்டு சிரித்தான். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவளுக்கு டாக்டரம்மா என்று பெயர் விழுந்தது. கார் கிளம்பாமல் இருமினால், "டாக்டரம்மா, இதுக்கு மூச்சுத் திணறுது, கொஞ்சம் பாருங்க" என்பான் கார்லண்ட். காபி கெட்டிலிலிருந்து ஆவி வந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். இப்படிப்பட்ட நகைச்சுவையை ஒரு மனுஷி எத்தனை நாள் தாங்குவாள் என்று அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

கென்டக்கியின் அந்த மலைப்பக்கத்தில் கெட்டுப்போன நுரையீரலுக்குப் பஞ்சமே கிடையாது. பாதிப் பேர் சுரங்கத்தில் நிலக்கரித் தூளைத் தின்றவர்கள். மீதிப் பேருக்கு டிரெஸ்ஸாவே பெட்ரோல் பங்க்கில் பன்னிரண்டு வருஷம் சிகரெட் விற்றிருக்கிறாள். விற்றது போக மிச்சத்தைத் தானும் குடித்தாள். ஊர் நுரையீரலைக் கெடுத்ததில் தனக்கும் ஒரு பங்கு உண்டு, அதைச் சரிசெய்வதிலும் இருக்கட்டுமே என்று ஒருநாள் தோன்றியது. அவ்வளவுதான் காரணம். நேர்முகத் தேர்வில் மட்டும் சேவை, கனவு என்றெல்லாம் சொன்னாள். அதைத்தான் அவர்கள் கேட்க விரும்பினார்கள்.

சுவாச சிகிச்சைத் துறையின் தலைவர் லைமன் பிரேட்டர். கல்லூரியில் பாடம், பக்கத்து ஆஸ்பத்திரியில் வேலை, இரண்டு இடத்திலும் தானே கடவுள் என்ற எண்ணம். முதல் நாள் வகுப்பில் ஒரு குப்பைத் தொட்டியைத் தூக்கி மேஜைமேல் வைத்தார்.

"யார் யார் கிட்ட சிகரெட் இருக்கோ, இதுல போடுங்க. இந்தப் படிப்புல புகைக்கும் இடமில்ல, பொய்க்கும் இடமில்ல. குடிச்சுட்டு இல்லேன்னு சொன்னா, வாசல் அந்தப் பக்கம் இருக்கு. ஒரு தடவை வெளிய போனவங்களை நான் திரும்பச் சேத்துக்கறதில்ல."

இதைச் சொல்லும்போது அவர் நிக்கோட்டின் சூயிங்கம்மை ஆடு அசைபோடுவதுபோல மென்றுகொண்டிருந்தார். அது மருந்துக் கணக்கில் வரும் என்று பிறகு விளக்கம் சொன்னார்.

டிரெஸ்ஸா எழுந்துபோய்ப் பாக்கெட்டையும் போட்டாள், லைட்டரையும் போட்டாள். அதற்கப்புறம் அவள் தொடவே இல்லை. முதல் மூன்று மாதம் யாராவது "காலை வணக்கம்" சொன்னாலே கடித்துக் குதறினாள். கேரட்டாகத் தின்று தீர்த்தாள். பங்க்கைக் கடக்கும்போது கார் ஜன்னலை ஏற்றிக்கொண்டாள். முதல் வருஷம் முடிந்தபோது வகுப்பில் அவள்தான் முதல் மதிப்பெண். இரண்டாம் வருஷம் முடிந்தால் கையில் பட்டம், ஆஸ்பத்திரியில் வேலை. வாழ்க்கையில் அவள் ஆரம்பித்து முடிக்கப்போகும் முதல் காரியம் அது. அதனால் அதை ஒரு குழந்தையைப்போலப் பொத்திப் பொத்திப் பார்த்துக்கொண்டாள்.

இரண்டாம் வருஷக் குளிர்காலத்தில்தான் வீட்டில் எல்லாம் தலைகீழாகப் போக ஆரம்பித்தது. எல்லாவற்றுக்கும் காரணம் அவளுடைய படிப்புதான் என்று வீட்டார் ஒருமனதாகக் கண்டுபிடித்தார்கள்.

கார்லண்ட் டயர் கடையில் வேலை பார்ப்பவன். உலகத்தில் எந்தப் பொருளையும் தன்னால் சரிசெய்ய முடியும் என்று நம்புகிறவன். அவன் சரிசெய்த வாஷிங் மெஷின் ஓடும்போது சமையலறை வரை நடந்து வரும். அவன் சரிசெய்த ஃப்ரிட்ஜ் கதவை இடுப்பு பெல்ட்டால் கட்டி வைக்க வேண்டும். நிலவறையில் இருந்த கேஸ் ஹீட்டரின் புகைபோக்கிக் குழாயை அந்த இலையுதிர் காலத்தில் டேப் சுற்றி ஒட்டினான். ஆளைக் கூப்பிடலாம் என்று டிரெஸ்ஸா சொன்னதற்கு, "டயரை ஒட்டறவனுக்குத் தகரத்தை ஒட்டத் தெரியாதா?" என்று கேட்டு அவள் வாயை அடைத்தான். அவன் ஒட்டியதில் அதுதான் உருப்படியான வேலை. வீடு நன்றாகவே சூடாக இருந்தது.

காலையில் எழுந்தால் டிரெஸ்ஸாவுக்குத் தலை இடித்தது. ராத்திரியெல்லாம் கண்விழித்துப் படிப்பதால் என்று நினைத்துக்கொண்டாள். கார்லண்டுக்கும் இடித்தது. இவள் விளக்கைப் போட்டுக்கொண்டு படித்தால் யார் தூங்குவது என்று அவன் அலுத்துக்கொண்டான். எஸ்டில் மத்தியானம் சோபாவில் சாய்ந்தால் சாயங்காலம் வரை எழுவதில்லை. எழுந்தால் குமட்டுகிறது என்பார்.

"சமைக்க நேரமில்லாம டப்பா பீன்ஸைச் சூடு பண்ணிப் போட்டா குமட்டாம என்ன பண்ணும்? டாக்டரம்மா ஊரார் மூச்சைக் காப்பாத்தறாங்க, நம்ம வயித்தை யாரு பாக்கறது?"

இதற்கு நடுவில் கேனரி செத்தது. எஸ்டிலின் வீட்டில் அவர் தாத்தா காலத்திலிருந்து எப்போதும் ஒரு மஞ்சள் கேனரிக் குருவி கூண்டில் இருக்கும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, அது குடும்ப வழக்கம், அவ்வளவுதான். ஒருநாள் காலையில் அது கூண்டின் அடியில் கால் நீட்டிக் கிடந்தது. தீனி வைக்க மறந்திருப்பாள் என்று டிரெஸ்ஸாவைச் சொன்னார்கள். எஸ்டில் ஹோபார்ட்டின் பறவைக் கடைக்குப் போய் வேறொன்று வாங்கி வந்தார். இதற்கு அவரே கையால் தீனி வைத்தார். அதுவும் பத்து நாளில் செத்தது. எஸ்டில் கூண்டோடு கடைக்குப் போய், நாலு பேர் முன்னால் ஹோபார்ட்டைச் சீக்குப் பறவை விற்கிற திருடன் என்று திட்டிவிட்டு வந்தார். பாவம் ஹோபார்ட், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில்கூட ஜனங்கள் அவனை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

அந்த வாரம் பிரேட்டர் நடத்திய பாடம் கார்பன் மோனாக்சைடு. நிறமில்லாத, மணமில்லாத விஷவாயு. காலையில் தலைவலி, குமட்டல், அசதி. விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் இந்த விஷத்தையும் ஆக்ஸிஜன் என்று நினைத்துக்கொண்டு தொண்ணூற்றொன்பது என்று காட்டும். அதனால் அதை நம்பாதே, மணிக்கட்டுத் தமனியிலிருந்து இரத்தம் எடுத்துப் பார். டிரெஸ்ஸா நெற்றிப்பொட்டைக் கட்டைவிரலால் அழுத்தியபடி ஒரு வரி விடாமல் குறித்துக்கொண்டாள். பாதி வகுப்பில் இரண்டு ஆஸ்பிரின் போட்டுக்கொண்டாள். அந்தப் பாடத்துக்கு வைத்த தேர்வில் அவளுக்கு நூற்றுக்கு நூறு.

பிறகு ஊசித் திங்கட்கிழமை வந்தது.

மற்ற கல்லூரிகள் ரப்பர் கையோடு நிறுத்திக்கொள்கின்றன. பிரேட்டர் பழைய ஆள். நோயாளியின் தமனியில் ஊசி ஏற்றுமுன் மாணவர்கள் ஒருவர் கையில் ஒருவர் ஏற்றிப் பழக வேண்டும் என்பது அவருடைய வகுப்பின் வழக்கம். டிரெஸ்ஸாவுக்கு ஜோடியாக வாய்த்தவள் கேய்லின் சைஸ்மோர். இருபத்திரண்டு வயது, பாப்டிஸ்ட் சர்ச்சில் பாடுகிறவள், காபியைக்கூடப் பாவம் என்று நினைப்பவள்.

"கர்த்தரே, என் கை நடுங்காம பாத்துக்கோங்க," என்று கண்ணை மூடினாள் கேய்லின்.

"கண்ணைத் திறந்துக்கிட்டு வேண்டிக்கடி. ஓட்டை விழப்போறது என் கையில."

கர்த்தர் காது கொடுத்தார். ஒரே குத்தில் இரத்தம் துடித்துத் துடித்து ஊசிக்குழலில் ஏறியது. பிரேட்டர் அதை இயந்திரத்தில் செருகினார். சீட்டு வெளியே வந்தது. அதைப் படித்தவர் மெல்லுவதை நிறுத்தினார். அவர் மெல்லுவதை நிறுத்தி வகுப்பு அதுவரை பார்த்ததில்லை.

"கார்பன் மோனாக்சைடு பதினொரு சதவீதம்," என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். "சிகரெட் குடிக்கறவங்க இரத்தத்துலதான் இவ்வளவு ஏறும். டிரெஸ்ஸா, இன்னிக்குக் காலைல எத்தனை? அரைப் பாக்கெட்டா, முழுசா?"

"சார், நான் விட்டு ஒன்றரை வருஷம் ஆச்சு."

"நீ விட்டிருக்கலாம். உன் இரத்தம் விடலியே."

யாரோ பின்னாலிருந்து கிளுக்கென்று சிரித்தார்கள். டிரெஸ்ஸாவுக்குக் காது மடல் வரை எரிந்தது. இயந்திரம் தப்பாகக் காட்டுகிறது, சாயங்காலம் இன்னொரு தடவை எடுங்கள் என்று கெஞ்சினாள். அவரும் பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார். அன்று முழுக்க அவளைத் தன் கண்பார்வையிலேயே உட்கார வைத்தார். சாயங்காலம் பார்த்தால் நாலு.

"பாத்தியா?" என்றார் பிரேட்டர், வழக்கில் ஜெயித்தவரைப்போல. "நாள் முழுக்க என் கண்ணு முன்னாடி இருந்தே, குடிக்க வழியில்ல, இறங்கிடுச்சு. இதைவிட என்ன சாட்சி வேணும்? இரத்தம் பொய் சொல்லாதும்மா. வெள்ளிக்கிழமை காலைல என் அறைக்கு வா. முடிவைச் சொல்லிடறேன்."

முடிவு என்ன என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

வீட்டுக்கு வந்து சொன்னாள். கார்லண்ட் ஆணியில் தொங்கிய அவள் கோட்டை எடுத்து மோந்து பார்த்தான். கொஞ்சம் நாசூக்காக, அவள் முதுகைத் திருப்பியபோது செய்திருக்கலாம்.

"என்ன, நாய் மாதிரி மோப்பம் பிடிக்கற?"

"இல்ல, சும்மாதான். நாத்தம் ஒண்ணும் இல்ல." கொஞ்சம் யோசித்துவிட்டு, "துவைச்சியா?" என்றான்.

எஸ்டில் இன்னும் தாராளமான மனசுக்காரர். "இதுல வெக்கப்பட என்ன இருக்கு? நானும் உன் மாமியாருக்குத் தெரியாம கொட்டகைக்குப் பின்னாடி எட்டு வருஷம் இழுத்தவன்தான். ஒத்துக்கோ, மன்னிச்சு விட்டுடுவாங்க."

"நான் குடிக்கல மாமா!"

"நானும் அப்படித்தான் சொல்வேன். இதே மாதிரி கத்தித்தான் சொல்வேன்."

டிரெஸ்ஸா குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். வெளியே அனுப்பிவிடுவார்களே என்பதைவிட, அவளைத் தெரிந்த ஒரு ஜீவன்கூட நம்பவில்லையே என்பதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது. சிகரெட்டை விட்ட அந்த மூன்று மாதத்தை இவர்கள் எல்லோரும் கூட இருந்து பார்த்தவர்கள். அவள் எறிந்த கேரட்டை நெற்றியில் வாங்கியவன் கார்லண்ட். அப்புறம் அவளுக்கே சந்தேகம் வந்தது. தூக்கத்தில் எழுந்துபோய்க் குடிக்கிறேனோ? அதனால்தான் காலையில் தலை இடிக்கிறதோ? விரலை மோந்து பார்த்தாள். பைகளைத் துழாவினாள். புத்தகத்தில் இருந்த அத்தனை வியாதியையும் ஊர்க்காரர்களின் நெஞ்சில் கண்டுபிடிக்கத் தெரிந்தவள், தன் நெஞ்சுக்கு வந்தபோது தன்னையே திருடியாக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆனாலும் வகுப்பில் முதலாக வந்தவள் அல்லவா, புத்தி முழுசாக மங்கிவிடவில்லை. மறுநாள் கேய்லினைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"வியாழக்கிழமை எங்க வீட்டுல வந்து தங்குடி. என் கூடவே சாப்பிடு, என் கூடவே படு, பாத்ரூமுக்குக்கூடக் கூட வா. காலைல ரெண்டு பேர் இரத்தத்தையும் எடுக்கச் சொல்லுவோம். உன்னுது சுத்தம், அது ஊருக்கே தெரியும். இயந்திரம் ஒழுங்கா இருக்கா இல்லியான்னு அதுல தெரிஞ்சுடும். நான் குடிக்கலங்கறதுக்கு நீ சாட்சி."

"பைபிள் மேல சத்தியம் பண்ணணுமா?" என்று ஆர்வமாகக் கேட்டாள் கேய்லின்.

"தேவைப்பட்டா பண்ணலாம்."

கேய்லின் தலையணையோடும் பைபிளோடும் வந்தாள். எஸ்டில் அவளைப் பார்த்து, "சிறைக்காவலுக்கு ஆள் போட்டாச்சா?" என்றார். அவள் டிரெஸ்ஸாவின் படுக்கையில் கார்லண்ட் இடத்தில் படுத்துக்கொண்டாள். கார்லண்ட் அந்த ஒரு ராத்திரிக்கு டயர் கடைக்கே தூங்கப் போய்விட்டான். அங்கே அவனுக்கு இத்தனை நாளில் இல்லாத நல்ல தூக்கம் வந்தது, காலையில் தலையும் வலிக்கவில்லை. பக்கத்தில் யாரும் விளக்கைப் போட்டுக்கொண்டு படிக்காததால் என்று முடிவு செய்துகொண்டான்.

காலையில் கேய்லின் எழுந்தபோது முகம் வெளுத்திருந்தது. எஸ்டில் அன்புடன் பரிமாறிய பிஸ்கட் என்ற மெத்து ரொட்டியும் மாமிசக் குழம்பும் கல்லூரிக்குப் போகும் வழியில் சாலையோரப் பனியில் வெளியே வந்தன.

"உங்க மாமனார் சமையல் விஷம்," என்றாள் வாயைத் துடைத்துக்கொண்டு.

பிரேட்டர் தயாராக இருந்தார். கோட்டு, டை எல்லாம் போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஒரு ஆளை வெளியே அனுப்புவதென்றால் அவருக்குக் கொஞ்சம் அலங்காரம் வேண்டும். டிரெஸ்ஸா தன் ஏற்பாட்டைச் சொன்னாள். கேய்லின் தலையைப் பிடித்துக்கொண்டே, ராத்திரி முழுக்க ஒரு நிமிஷம்கூட இவளை விட்டு விலகவில்லை என்று சாட்சி சொன்னாள். பிரேட்டர் பெருமூச்சு விட்டுவிட்டு இருவர் கையிலும் தானே ஊசி ஏற்றினார். முதலில் டிரெஸ்ஸாவின் சீட்டு வந்தது. பன்னிரண்டு.

அவர் அதை மேஜைமேல் மெதுவாக வைத்தார். அடுத்து கேய்லினுடையது. பத்து.

இருபத்தேழு வருஷம் மனித மூச்சைப் பற்றிப் பாடம் நடத்திய லைமன் பிரேட்டர் அந்த இரண்டு சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். யோசித்தார். பிறகு தன் அனுபவம் அனைத்தையும் திரட்டி ஒரு முடிவுக்கு வந்தார்.

"ஆக, நீயும் ஆரம்பிச்சுட்டே," என்றார் கேய்லினைப் பார்த்து.

"சார்!" கேய்லின் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள். "நான் பாப்டிஸ்ட் சார்! எங்க வீட்டுல மெழுகுவத்திகூட ஏத்த மாட்டோம்! எனக்குத் தலை ரெண்டா பொளக்குது, வாந்தி வேற எடுத்தேன், நீங்க என்னடான்னா..."

"என்ன சொன்னே?" என்றாள் டிரெஸ்ஸா.

"தலை வலிக்குதுன்னேன். குமட்டுது."

டிரெஸ்ஸாவுக்கு அப்போதுதான் நூற்றுக்கு நூறு வாங்கிய அந்தத் தேர்வு ஞாபகம் வந்தது. காலையில் தலைவலி, குமட்டல், அசதி. வீட்டை விட்டு வெளியே வந்தால் இறங்கும் எண். சோபாவில் எழாமல் தூங்கும் மாமனார். கூண்டின் அடியில் கால் நீட்டிக் கிடந்த குருவி. அப்புறம் இன்னொரு குருவி. கார்லண்ட் சுற்றிய டேப்.

"ஐயோ," என்றாள். "மாமா வீட்டுல தனியா இருக்காரு."

வீட்டுக்குப் போன் செய்தாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. அவள் தீயணைப்புப் படைக்குச் சொல்லிவிட்டுக் காரை நோக்கி ஓடினாள். பிரேட்டர், கோட்டும் டையுமாக, பின்னால் ஓடிவந்து பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார். வழியெல்லாம் அவள் அழுதுகொண்டே ஓட்டினாள். பிரேட்டர் ஒரு தடவை "வேகத்தைக் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார். அவள் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிவிட்டார்.

அவர்கள் போய்ச் சேருமுன்பே தீயணைப்பு ஆட்கள் எஸ்டிலைத் தூக்கிவந்து வாசல் பனியில் உட்கார வைத்திருந்தார்கள். முகத்தில் ஆக்ஸிஜன் முகமூடி. உயிர் இருந்தது. உயிர் மட்டுமில்லை, வாயும் இருந்தது.

"நல்லாத் தூங்கிக்கிட்டிருந்தவனை நாலு தடியன் வந்து..." என்று குழறிக்கொண்டிருந்தார்.

டிரெஸ்ஸா பனியில் மண்டியிட்டு அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். டயர் கடையிலிருந்து கார்லண்ட் வந்து சேர்ந்தான். கையில் அளவுமானியோடு நிலவறையிலிருந்து ஏறி வந்த தீயணைப்பு அதிகாரி, "குழாய் விட்டுப்போயிருக்கு, புகை மொத்தமும் வீட்டுக்குள்ளதான் போயிருக்கு. ஏன்யா, வீட்டுல அலாரம் ஒண்ணுகூட இல்லியா?" என்று அவனைக் கேட்டான்.

"இருந்துது," என்றான் கார்லண்ட், தன் பூட்ஸைப் பார்த்தபடி. "குழாயை ஒட்டின நாள்லேருந்து சும்மாச் சும்மாக் கத்திக்கிட்டே இருந்துச்சு. பேட்டரியைக் கழட்டி டிவி ரிமோட்டுல போட்டுட்டேன்."

யாரும் அவனை அடிக்கவில்லை. ஆச்சரியமான விஷயம்தான்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டர் எஸ்டிலின் விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டிப் பார்த்தார். "தொண்ணூத்தொன்பது. அருமையா இருக்கு. முகமூடியை எடுத்துடலாம்," என்றார்.

"எடுக்காதீங்க," என்றாள் டிரெஸ்ஸா. முகமூடியைக் கையால் பிடித்துக்கொண்டாள். "அது விஷத்தையும் சேத்து எண்ணுது டாக்டர். தமனி இரத்தம் எடுக்கணும்."

டாக்டர் யார் இவள் என்பதுபோலப் பார்த்தார். பிரேட்டர் முதல் தடவையாக வாயைத் திறந்து உருப்படியாக ஒன்று சொன்னார். "அவ சொல்றது சரி. என் மாணவி." ஊசியை எடுத்துக்கொண்டு படுக்கைக்குப் பக்கத்தில் வந்தார். எஸ்டில் கையை இழுத்துக்கொண்டார்.

"நீதானா எங்க வீட்டுப் பொண்ணைப் பொய்க்காரின்னு சொன்னவன்? நீ என்னைத் தொடாதே. அவ குத்தட்டும்."

மாணவர்கள் தங்கள் வீட்டாருக்கு ஊசி போடக்கூடாது என்று விதி இருந்தது. அதை எழுதியவரே பிரேட்டர்தான். அவர் விதியை ஒரு கணம் நினைத்துப் பார்த்தார், எஸ்டிலின் முகத்தையும் பார்த்தார், ஊசியை டிரெஸ்ஸாவிடம் நீட்டினார். அவள் மாமனாரின் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்துத் துடிப்பைத் தேடினாள். நிலக்கரித் தூள் நீலத் தழும்பாக உறைந்துபோன கை. ஒரே குத்து. இரத்தம் துடித்து ஏறியது.

இருபத்தாறு சதவீதம்.

பிரேட்டர் சீட்டைப் பார்த்துவிட்டுப் பழக்க தோஷத்தில், "ஐயா, நீங்க சிகரெட் குடிப்பீங்களா?" என்று கேட்டுவிட்டார். டிரெஸ்ஸா, டாக்டர், நர்ஸ், வாசலில் நின்ற கார்லண்ட் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஒரு சூயிங்கம்மை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. போகும்போது மட்டும், "திங்கட்கிழமை வகுப்புக்கு லேட்டா வராதே," என்றார். அவர் அகராதியில் அதுதான் மன்னிப்பு.

எல்லோரும் போனபிறகு டிரெஸ்ஸா படுக்கை ஓரம் உட்கார்ந்தாள்.

"மாமா, நான் குடிக்கலன்னு நீங்க ஒருத்தராவது நம்பினீங்களா?"

"இல்லம்மா," என்றார் எஸ்டில் முகமூடிக்குள்ளிருந்து. கண்ணிலிருந்து நீர் முகமூடி விளிம்பில் இறங்கியது. "எங்க தாத்தா சுரங்கத்துக்குள்ள குருவியைத் தூக்கிக்கிட்டுப் போவாரு. வாயு இருந்தா அதுதான் முதல்ல விழும். அது விழுந்தா மனுஷன் ஓடிடணும். அதுக்குத்தான் எங்க வீட்டுல குருவி வெச்சதே. நான் என்ன பண்ணினேன் பாரு. ஒண்ணு விழுந்துது, இன்னொண்ணை வாங்கினேன். அதுவும் விழுந்துது, கடைக்காரனைத் திட்டினேன்."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த மனிதர் சுரங்கத்தில் முப்பது வருஷம் பார்த்த வேலை என்ன தெரியுமா? மற்ற எல்லோரும் இறங்குமுன் விடியலில் தனியாக உள்ளே போய், விஷவாயு இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் சுவரில் சாக்பீஸால் தன் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டுவிட்டு வருவது. அந்த எழுத்து இல்லாத இடத்தில் ஒருவனும் கால் வைக்க மாட்டான். அப்படி ஆயிரம் உயிரைக் காத்தவர், தன் வீட்டு நிலவறைக்கு மேலே சோபாவில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு வாரம் எல்லோரும் கேய்லின் வீட்டில் தங்கினார்கள். மெழுகுவத்தி இல்லாத வீடு. எஸ்டில் ஹோபார்ட்டின் கடைக்குப் போய், முன்பு திட்டியபோது இருந்த அதே நாலு பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். முறையாகப் படித்த ஆட்கள் வந்து புது ஹீட்டர் வைத்தார்கள். கார்லண்ட் ஸ்க்ரூடிரைவரைத் தொட்டபோதெல்லாம் அவர்களே அதை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார்கள்.

வீடு திரும்பிய அன்று நல்ல பனி. கார்லண்ட் சாவியோடு படியேறப் போனான். எஸ்டில் கைத்தடியைக் குறுக்கே நீட்டினார்.

"நில்லுடா. இன்னும் எழுத்து போடல."

அவர் கோட்டுப் பையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்து டிரெஸ்ஸாவின் கையில் வைத்தார். தீயணைப்புக்காரர்களிடம் இரவல் வாங்கிய அளவுமானியையும் கொடுத்தார்.

"நீ போய்ப் பாத்துட்டு வா டாக்டரம்மா. உன் எழுத்து விழுந்தாத்தான் நாங்க உள்ள வருவோம்."

"அப்பா, குளிருது," என்றான் கார்லண்ட்.

"குளிரட்டும். பேட்டரி கழட்டின கைதானே, விறைக்கட்டும்."

டிரெஸ்ஸா உள்ளே போனாள். சமையலறையைப் பார்த்தாள், படுக்கையறையைப் பார்த்தாள், நிலவறைக்கு இறங்கிப் புதுக் குழாயின் ஒவ்வொரு மூட்டாக அளவுமானியைக் காட்டினாள். எல்லா இடத்திலும் பூஜ்யம். சுவரில் தன் பெயரின் இரண்டு எழுத்தைப் பெரிதாக எழுதினாள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து விட்டாள். தலை வலிக்கவில்லை.

மேலே ஏறி வந்து ஜன்னல் வழியே பார்த்தால், அவள் சொன்னதை நம்பாத இரண்டு ஆண்பிள்ளைகளும் கழுத்துவரை கோட்டை இழுத்துக்கொண்டு, பனியில் காலை மாற்றி மாற்றி வைத்து, அவள் உத்தரவுக்காகக் காத்திருந்தார்கள். எழுதியாயிற்று என்று கையசைத்தால் போதும், ஓடி வந்துவிடுவார்கள்.

டிரெஸ்ஸா அடுப்பில் காபிக்குத் தண்ணீர் வைத்தாள். அது கொதிக்கட்டும், ஒரு கோப்பை நிதானமாகக் குடித்துவிட்டுக் கூப்பிடலாம் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.